கலர் பிளைண்ட் கண்ணாடி: பார்த்தே இராத நிறத்தைக் காட்டுமா?

சிவப்பு-பச்சை பேதம் தெரியாதவர்களுக்கென விற்கப்படும் வடிகட்டிக் கண்ணாடியை வாங்கலாமா என்று கேட்பவர்கள், இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறார்கள். குழப்பும் நிறங்களைப் பிரித்துக் காட்டுமா என்பது ஒன்று. பிறந்ததிலிருந்து பார்த்தே இராத ஒரு நிறத்தைக் காட்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில்: சிலருக்கு, நல்ல வெயிலில், ஓரளவு. இரண்டாவதற்கு: காட்டாது. விளம்பரங்கள் விற்பதோ இந்த இரண்டாவதைத்தான். ஆசையோடு வாங்கியவர் மனம் உடைவதும் இங்கேதான்.

விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. அவை அதிகம் கிளர்வது சுமார் 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்கு. பின்னிரண்டின் எல்லைகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. அவை அனுப்பும் சமிக்ஞைகளை மூளை கழித்துப் பார்த்துத்தான் சிவப்பு, பச்சை என்று பிரிக்கிறது. குறைபாடுள்ள பலருக்கு இவற்றில் ஒன்று மற்றதன் பக்கமாக நகர்ந்திருக்கும். கழித்தால் மிஞ்சுவது சொற்பம். இரண்டு கூம்புகளும் ஒருசேரக் கிளரும் 580 முதல் 600 நானோமீட்டர் வரையிலான பட்டையைக் கண்ணாடி வெட்டிவிடும். மிச்சமுள்ள ஒளியில் வித்தியாசம் கொஞ்சம் விரியும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் ஒரு வகைக் கூம்பு அடியோடு இல்லாதவருக்குக் கழிப்பதற்கே எதுவும் கிடையாது. பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிவந்த பழத்தை அவர் இந்தக் கண்ணாடியோடு பார்க்கிறார் என்று வையுங்கள். வெட்டப்பட்ட பட்டையால் பழம் இழக்கும் ஒளி வேறு, இலை இழக்கும் ஒளி வேறு. ஒன்று மங்கி மற்றது எடுப்பாகும். பழம் 'பளிச்'சென்று தெரிகிறது என்பார், அது உண்மையும்கூட. ஆனால் அவருக்குக் கிடைத்தது வெளிச்ச வேறுபாடு, சிவப்பு அல்ல. அதே வடிகட்டி, முன்பு எளிதாகப் பிரித்த வேறு இரண்டு நிறங்களை ஒன்றாக்கிவிடவும் கூடும். ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய கண்ணாடி ஒன்றை 48 பேரிடம் சோதித்து 2018 இல் வெளியிட்ட முடிவும் இதுவே: நிறங்கள் தெரியும் விதம் மாறுகிறது, இயல்பான நிறப் பார்வை வருவதில்லை.

தானே இந்தக் குறைபாடு உள்ளவரான வேதியியலாளர் ஜான் டால்டன் 1794 இல் தன் பார்வையைப் பற்றி எழுதியது இங்கே மிகவும் உதவும். ஜெரேனியம் பூ ஒன்று பகலில் அவருக்கு வான்நீலமாகத் தெரிந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாக மாறியது. அவருடைய சகோதரரைத் தவிர மற்றவர்களுக்கு அப்படி மாறவில்லை. தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கவேண்டும் என்று அவர் ஊகித்தார். 1844 இல் இறந்த பின் கண்ணைத் திறந்து பார்த்தபோது திரவம் தெளிவாகவே இருந்தது. பத்திரப்படுத்திய கண்ணின் டிஎன்ஏவை 1995 இல் ஆராய்ந்ததில், நடு அலைநீளக் கூம்பின் நிறமியே அவருக்கு இல்லை என்று தெரிந்தது. மெழுகுவத்தி அவருக்குச் செய்ததைத்தான் கண்ணாடியும் செய்கிறது: வரும் ஒளியை மாற்றி, ஏற்கனவே அறிந்த உணர்வுகளை வேறு பொருள்கள்மேல் ஏற்றிவிடுகிறது.

வாங்குமுன் குறைபாட்டின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா தட்டுகள் குறைபாடு இருப்பதைச் சொல்லும். கூம்பு நகர்ந்திருக்கிறதா, இல்லவே இல்லையா என்பதைத் தெளிவாகச் சொல்லாது. சிவப்பையும் பச்சையையும் கலந்து மஞ்சளோடு பொருத்தச் சொல்லும் அனோமலாஸ்கோப் என்ற கருவி அதைச் சொல்லும்.

கண்ணாடியைச் சோதிக்க, வழக்கமாகக் குழப்பும் இரண்டு நிறத் துணிகளை எடுத்து வெயிலில் போய் நில்லுங்கள். கண்ணாடியைப் போட்டுப் பத்து நிமிடம் பழகுங்கள். இன்னொருவர் நாணயம் சுண்டி, விழுவதற்கேற்ப ஒரு துணியை மட்டும் நீட்டட்டும். அது எந்தத் துணி என்று நீங்கள் சொல்லுங்கள். சரியா தவறா என்று இடையில் சொல்லக் கூடாது. இப்படி 20 முறை. வெறும் ஊகத்திலேயே சராசரியாக 10 சரியாக வரும். 15 அல்லது அதற்கு மேல் வருவது ஐம்பதில் ஒரு தடவைதான். கண்ணாடி இல்லாமலும், சாதாரணக் கூலிங் கிளாஸ் போட்டும் இதையே திருப்பிச் செய்யுங்கள். கூலிங் கிளாஸிலும் அதே மதிப்பெண் வந்தால் சிறப்பு வடிகட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். துணியின் நெசவும் பளபளப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நிறத்தை விட்டுவிட்டு அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

வீட்டுக்குள் பலன் குறையும். ஒளி ஏற்கனவே கம்மி, கண்ணாடி இன்னும் தின்னும். இரவில் வண்டி ஓட்டும்போது போடவே கூடாது. ஒரு கண்ணுக்கு மட்டும் போடும் சிவப்பு லென்ஸ் தனி ரகம்: இரு கண்ணுக்கும் வெவ்வேறு பிம்பம் போவதால் பொருள்மேல் ஒரு மினுமினுப்பு தோன்றும். அது புது உணர்வுதான், நிறம் அல்ல. இருண்ட கண்ணின் சமிக்ஞை தாமதமாவதால் ஓடும் பொருளின் தூரம் பிசகும்; சாலையில் அது ஆபத்து.

இயல்பான பார்வை உள்ளவர்களும் பார்க்காத நிறம் ஒன்று உண்டு, அதற்குக் கண்ணாடி தேவையில்லை. சாம்பல் பின்னணியில் அடர்மஞ்சள் வட்டம் வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். கண்ணை அசைக்காமல் 60 விநாடி புள்ளியைப் பார்த்துவிட்டு, கறுப்புத் தாளுக்குப் பார்வையை மாற்றினால், கறுப்பளவே இருண்ட, ஆனாலும் நீலமான ஒரு வட்டம் மிதக்கும். கண் அலைந்தால் வராது. 2025 இல் லேசரால் நடு அலைநீளக் கூம்புகளை மட்டும் தூண்டிய ஆய்வில் 5 பேர், இயற்கையில் காண முடியாத அளவு அடர்ந்த ஒரு நீலப்பச்சையைக் கண்டார்கள். 'ஓலோ' என்று பெயரிட்டார்கள். அந்த நிறத்துக்கு எந்தக் கூம்பு எவ்வளவு கிளர வேண்டும் என்பதைக் காகிதத்தில் முன்கூட்டியே எழுத முடிந்தது. எப்படி இருக்கும் என்பதை எழுத முடியவில்லை. நீலச் சாயல்களின் வரிசையில் விடுபட்ட ஒன்றை மனம் தானே நிரப்பிக்கொள்ளும் என்று தத்துவஞானி டேவிட் ஹியூம் 1739 இல் எழுதினார். இரு பக்கமும் அண்டைச் சாயல்கள் இருக்கும் இடைவெளிக்கு அது சரி. வரிசையே இல்லாதவருக்கு நிரப்ப இடமே இல்லை.

பரிசாக வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கேமராவை நீட்டி 'இப்போ சிவப்பு தெரியுதா?' என்று கேட்காதீர்கள். தெரியாத நிறம் வந்துவிட்டதா என்று ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் 'ஆமாம்' என்பார். அதற்குப் பதில், துணிகளை எடுத்துக்கொண்டு அவரோடு வெயிலுக்குப் போங்கள்.