ஹரிக்கேனா, டொர்னாடோவா? இரண்டு ‘மூன்று’கள்

நம் செய்தித்தாள்களில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், சூறாவளி. ‘அமெரிக்காவில் சூறாவளி’ என்ற தலைப்பைப் பார்த்தால், அடி வாங்கியது கடலோர ஃப்ளோரிடாவா, கடலே இல்லாத ஓக்லஹோமாவா என்பது செய்திக்குள் போன பிறகுதான் தெரியும். ஹரிக்கேன் நமக்குப் புதிதல்ல. வங்கக் கடலில் நாம் புயல் என்பதைத்தான் அட்லாண்டிக்கில் அப்படி அழைக்கிறார்கள். டொர்னாடோ வேறு ரகம்.

ஹரிக்கேனுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர், ஏறக்குறைய 26.5 டிகிரி செல்சியஸாவது வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் ஆயுள். கரையேறியதும் தீனி நின்று தளர்ந்துபோகும். டொர்னாடோ இடிமேகத்திலிருந்து தரைக்கு நீளும், சுழலும் காற்றுத் தும்பிக்கை. பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான், சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். ஆனால் உச்ச வேகத்தில் ஹரிக்கேன் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

இரண்டின் வலுவையும் எண் போட்டுத்தான் சொல்கிறார்கள், இரண்டுக்கும் உச்ச எண் 5. ஏமாறுவதும் இந்த எண்ணில்தான்.

2005 ஆகஸ்ட் 29 அன்று லூசியானாவில் கரையேறியபோது கத்ரீனா ஹரிக்கேன் 3ஆம் வகை. முந்தைய நாள் 5ஆக இருந்தது. வலு குறைந்துவிட்டது என்று பெருமூச்சு விடத் தோன்றும். அந்த எண் காற்றை மட்டுமே அளக்கிறது. 5ஆக இருந்தபோது கிளப்பிவிட்ட கடல் அடங்கவில்லை. மிசிசிப்பி மாநிலக் கடற்கரையில் நீர் 8 மீட்டருக்கு மேல் ஏறியது. நியூ ஆர்லியன்ஸில் வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து, நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இன்னொரு 3, ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே 2013 மே 31 அன்று சுழன்ற டொர்னாடோ. 4.2 கிலோமீட்டர் அகலம். பதிவானவற்றிலேயே இதுதான் அகலமானது. ரேடாரில் தெரிந்த காற்று மணிக்கு 470 கிலோமீட்டருக்கும் மேல். பிறகு எப்படி 3? டொர்னாடோவுக்கு மதிப்பெண் போடுவது அது போன பிறகு, என்னென்ன உடைந்து கிடக்கிறது என்று பார்த்து. அது போன வழியில் பெரும்பாலும் வயல்வெளி. உடைய ஒன்றுமில்லாததால் எண் ஏறவில்லை! இறந்த 8 பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். டொர்னாடோக்களை ஆராய்வதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த டிம் சமராஸும் அவர்களில் ஒருவர்.

வாகனம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஹரிக்கேன் வருவது நாள்கணக்கில் முன்பே தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போவதுதான் புத்தி. கத்ரீனாவில் சிக்கியவர்களில் பலரிடம் வண்டியே இல்லை. டொர்னாடோவுக்குக் கிடைப்பதோ பத்துப் பதினைந்து நிமிடம், சில சமயம் அதுவும் இல்லை. அப்போது வண்டி எமன். ஜன்னல் இல்லாத உள்ளறையோ நிலவறையோதான் கதி. எல் ரீனோவுக்கு 11 நாள் முன்புதான் அருகிலுள்ள மூர் நகரில் ஒரு டொர்னாடோ 24 பேரைக் கொன்றிருந்தது. அந்தப் பயத்தில் ஜனங்கள் காரில் கிளம்ப, நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. டொர்னாடோ அந்த நெரிசலை எட்டுவதற்குள் கரைந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

என் பயம் ஹரிக்கேனிடம்தான். டொர்னாடோ அடுத்த தெருவைத் தொடாமல் போகலாம். கடல் அப்படிப் பார்த்து நுழையாது. சில நேரம் இரண்டில் ஒன்று என்ற பேச்சுக்கே இடமிருக்காது. 2004இல் ஐவன் ஹரிக்கேன் கரையேறிய கையோடு நூற்றுக்கும் மேற்பட்ட டொர்னாடோக்களைப் பெற்றுப்போட்டது.