மது அருந்திய மறுநாளும் வெள்ளவத்தை இலைக்கஞ்சியும்

கல்யாண விருந்தொன்றில் அளவு மீறிக் குடித்த மறுநாள் காலை, தலையிடியோடு கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துச் சிறிய இலைக்கஞ்சிக் கடையொன்றுக்குப் போனேன். சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, வல்லாரைச் சாற்றையும் தேங்காய்ப்பாலையும் கடைசியில் விட்டு, பச்சை நிறம் மங்குமுன் இறக்கிக் கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். கித்துள் கருப்பட்டியை ஒரு கடி கடித்துச் சூட்டோடு ஒரு மிடறு குடித்தபோது, அதுவரை எதையும் ஏற்க மறுத்த வயிறு மெல்ல இளகியது.

சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹோர்மோனை மதுசாரம் குறைப்பதால் உடல் நீரை இழக்கிறது. கொரியர்கள் ஹேஜாங்குக் என்ற சூப்பையும், போலந்து மக்கள் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயின் நீரையும் நாடுவது அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்யும் என்பது என் எண்ணம். ஆனால் மதுசாரத்தைக் கல்லீரல் தன் வேகத்திலேயே அகற்றும். எந்தக் கஞ்சியும் அதை விரைவுபடுத்தாது.

கஞ்சியில் உப்புப் போதவில்லை. இஞ்சி சேர்த்த கொத்தமல்லித் தண்ணீரிலோ சீனி மிகுந்து காரம் அடங்கிவிட்டது. அதைத் தவிர்த்து, வாசலில் வெட்டித் தரும் செவ்விளநீரை வாங்குங்கள். எட்டு மணிக்குள் கஞ்சி தீர்ந்துவிடும்.