பங்குச் சந்தைப் பாடம் விற்க மூன்று வழிகள்: எதில் காசு, எதில் வில்லங்கம்?

இணையத்தில் பங்கு வர்த்தகம் சொல்லித்தரும் தொழிலில் இறங்குபவர் மூன்று வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கிறார்: பதிவு செய்த பாடங்களை விற்பது, சந்தை நேரத்தில் நேரலை வகுப்பு எடுப்பது, பாடத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, மாணவர் வாங்கி விற்கும்போது தரகு நிறுவனத்துக்குப் போகும் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பெறுவது.

சீக்கிரம் காசு பார்க்க நேரலைதான். காலை 9.15க்குச் சந்தை திறந்ததும் திரையில் நிஃப்டி என்ற பங்குக் குறியீட்டெண்ணின் ஐந்து நிமிட வரைபடம் ஓடும். "இந்தக் கோட்டைத் தாண்டினால் கால் ஆப்ஷனைப் பார்க்கலாம்" என்பார் ஆசிரியர். கால் ஆப்ஷன் என்பது விலை ஏறும் என்று நம்பி வாங்கும் ஒப்பந்தம். மாணவர்கள் பார்ப்பதோடு நிற்பார்களா? அடுத்த நொடியே வாங்கிவிடுவார்கள். இது பாடமா, பரிந்துரையா? கடந்த மூன்று மாத விலையை வைத்து, ஒரு பங்கின் பெயரையோ குறிப்புப் பெயரையோ சொல்லி, இனி விலை எங்கே போகும் என்று சுட்டினால் அது வெறும் கல்வி ஆகாது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 ஜனவரியில் விளக்கம் கொடுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் பயிற்சி நடத்தியவரின் விவகாரத்தில் பயிற்சி என்ற பெயரில் பதிவில்லாமல் ஆலோசனை தந்ததாகக் கூறி, 17.2 கோடி ரூபாயை எஸ்க்ரோ கணக்கில் (எடுக்க முடியாமல் முடக்கிவைக்கும் கணக்கு) கட்டச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. நேர்வழியில் பரிந்துரை தர வேண்டுமானால் செபியிடம் ஆராய்ச்சி ஆய்வாளராகப் பதிவு செய்யலாம். அதற்குத் தேர்வு உண்டு, கணக்கு வழக்கு உண்டு, ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 1.51 லட்சம் ரூபாய் என்ற கட்டண வரம்பும் உண்டு.

இலவச வழி பெரிய தரகு நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும். ஜெரோதா என்ற தரகு நிறுவனத்தின் வார்சிட்டி பாடத்தளத்தில் அடிப்படை முதல் ஆப்ஷன் வரை காசில்லாமல் படிக்கலாம். தனி மனிதர் அதே வழியில் போனால், மாணவர் எத்தனை முறை வாங்கி விற்கிறார் என்பதே அவருக்குச் சோறு போடும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அடிக்கடி வாங்கி விற்கப்படும் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள்) பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாகச் செபியின் ஆய்வே சொல்கிறது. பங்கை வாங்கிப் பத்து ஆண்டு பேசாமல் வைத்திருக்கும் மாணவரால் இந்த ஆசிரியருக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. இந்த வழி எனக்கு உவப்பில்லை.

பதிவுப் பாடம் மெதுவாகத்தான் விற்கும். டெலிகிராமில் திருட்டுப் பிரதி ஓடும். பாடமும் பழசாகும். 2024 ஜூலையில் குறுகிய கால மூலதன ஆதாய வரி 15இலிருந்து 20 சதவீதமானது. நவம்பரில் வங்கிப் பங்குகளின் குறியீட்டெண்ணான பேங்க் நிஃப்டியின் வாராந்திர ஆப்ஷன் நின்றுபோனது. அதையே நம்பிப் படம்பிடித்த வகுப்புகள் ஒரே வாரத்தில் குப்பைக்குப் போயின.

ஆனாலும் என் ஓட்டு இதற்கே. விலையைக் குறைவாக வையுங்கள். வாரம் ஒரு மாலை சந்தேகம் கேட்க நேரம் ஒதுக்குங்கள். பழைய வரைபடத்தை வைத்தே பாடம் நடத்தலாம் என்பதால், அண்மை விலைக்குச் செபி வைத்த வரம்பு இங்கே தடையே இல்லை. 2020 மார்ச் 23ஆம் தேதியின் வரைபடத்தை எடுங்கள். நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தது. நடுவே வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அன்று ஸ்டாப் லாஸ் (விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆணை) போட்டிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று விளக்கவே ஒரு மாலை போதாது.