பட்டுக்கோட்டை ரயிலடி இப்போது

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சென்னையில் இறங்கியதும் ஆம்னி பஸ் தேடி அலைய வேண்டாம். தாம்பரத்திலிருந்து ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் தினமும் சாயங்காலம் கிளம்பி, மயிலாடுதுறை, திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாகப் பட்டுக்கோட்டை வருகிறது. புதிய பாம்பன் பாலம் திறந்த 2025 ஏப்ரல் 6 அன்று தொடங்கிய வண்டி. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், தேதியைக் குறித்து வையுங்கள்.

சென்னைக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய காலத்தில் எங்கள் ஊருக்கு ரயிலடிதான் வாசல். அகலப் பாதை வேலைக்காக 2012-ல் மீட்டர்கேஜ் வண்டிகளை நிறுத்தியதும் தெரு அடங்கிப்போனது. எங்கள் ஊர் வழியாகப் போகும் திருவாரூர்–காரைக்குடி அகலப் பாதை 149 கிலோமீட்டரும் 2019 ஜூனில் திறந்தபோதுகூடப் பெரிய மாற்றம் இல்லை. ரயில்வே கேட்டுகளுக்கு ஆள் போடாததால் வண்டியிலேயே ஆள் வந்து, கேட்டுக்குக் கேட்டு இறங்கி மூடித் திறந்தார்கள். அவசரத்துக்கு யார் அதில் ஏறுவார்கள்?

இந்த முறை வந்தபோது தெருவுக்கு உயிர் வந்திருந்தது. நள்ளிரவு தாண்டி வரும் வண்டிக்காகவே ஒரு டீக்கடை விழித்திருக்கிறது. பூட்டிக் கிடந்த எதிர் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி கட்டுகிறார்கள். திண்ணை போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் பெரியம்மா சொன்னதைக் கேட்டபின் அதைப் பெரிதாகப் பேச மனம் வரவில்லை. கண் ஆஸ்பத்திரிக்காக அடிக்கடி சென்னை போகிறவர். “பஸ்ஸுல போறதுன்னா மத்தியானத்துலேருந்தே தண்ணி குடிக்க மாட்டேன் தம்பி. இப்ப கீழ் பெர்த்துல படுத்துக்கிட்டுப் போறேன். பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு” என்றார். சர்க்கரை நோய் உள்ள ஒருவர் இத்தனை வருடம் தாகத்தோடு பயணம் செய்திருக்கிறார். எங்கள் தெருவில் இந்த வயதுக்காரர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

இறங்கிய பிறகுதான் சிரமம். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஆட்டோக்காரர் கேட்டதுதான் கட்டணம். மதுக்கூர், ஒரத்தநாடு பக்கம் போகிறவர்கள் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நேரத்துக்கு ஒரே ஒரு பஸ் விட்டால் போதும், இந்த ரயில் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் சொந்தமாகிவிடும். அதுவரை, தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களோடு வந்தால் கட்டாயம்.