கர்ப்பப்பை எடுத்த பின்னும் விடாத வலிக்கு: வெள்ளவத்தையில் ஒரு ஆயுர்வேத நிலையம்

எண்டோமெற்றியோசிஸ் என்றால் கர்ப்பப்பையின் உள்வரிபோன்ற திசு அதற்கு வெளியே வளர்வது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எனக்கு இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினோம். மாதவிடாய் நின்றது, வலி நிற்கவில்லை. மலம் கழிக்கும்போது உயிர் போய் வரும். நாரியும் பிடித்துக்கொள்ளும்.

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது இந்த நிலையம். விளம்பரம் வேண்டாம் என்று வைத்தியரே கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. அவர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். நாடி பிடிக்க முதலே, "சூலகங்களை விட்டுவைத்தார்களா அக்கா?" என்று கேட்டார். இரண்டும் இருக்கின்றன. குடலிலோ சிறுநீர்ப்பையிலோ ஒட்டி வளர்ந்த திசு ஒப்பரேஷனில் எடுபடாமல் மிஞ்சியிருந்தால், சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் அதைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருக்கும் என்று படம் கீறி விளங்கப்படுத்தினார். அதுவரை எனக்கு இதை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. "என் மருந்து அதைக் கரைக்கும் என்று சொல்லமாட்டேன்" என்றார். கொழும்பிலேயே இன்னொரு இடத்தில், அடியோடு மாற்றித் தருகிறோம் என்று சொல்லி முழுக் காசையும் முன்கூட்டியே கேட்டார்கள்.

நாரிக்கும் அடிவயிற்றுக்கும் நல்லெண்ணெயில் காய்ச்சிய தைலம் பூசி ஒத்தடம் கொடுக்கிறார்கள். இரவில் திரிபலா. அப்புறம் தசமூலக் கசாயம். எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஒன்றாக வற்றும்வரை வீட்டில் காய்ச்ச வேண்டும், வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய பாடு. பெண்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சாத்தாவாரிக் கிழங்கு தரமுடியுமா என்று கேட்டேன். அது ஈஸ்ட்ரஜன்போல வேலை செய்யக்கூடும், உங்களுக்கு வேண்டாம் என்று மறுத்தார். உலோகங்களையும் தாதுக்களையும் புடம்போட்டுச் செய்யும் பஸ்ப மருந்துகளும் இல்லை. மூலிகைகளின் பெயர்களைக் கேட்டதும் எழுதித் தந்தார்.

மலச்சிக்கல் போய்விட்டது, அதோடு கழிப்பறை வலியும் நன்றாகக் குறைந்தது. நித்திரை வருகிறது. ஆனால் உள்ளே ஆழமாகக் குத்தும் வலி அப்படியே இருக்கிறது. அதற்கு மகப்பேற்று டொக்டரிடம் காட்டி எம்ஆர்ஐ ஸ்கேன் பற்றிக் கேளுங்கள் என்று கடிதம் தந்ததும் இவரேதான். அந்த நேர்மைக்காகவே நான் இவரிடம் தொடர்ந்து போகிறேன்.

குறையும் உண்டு. மேல்மாடி, லிஃப்ட் இல்லை. உடுப்பு மாற்றும் இடத்தில் வெறும் திரைதான், பெண்கள் வரும் இடத்தில் கதவு கட்டாயம் வேண்டும். சனிக்கிழமை சனம் அதிகம்.

போகிறவர்கள் ஒப்பரேஷன் அறிக்கையையும் பயொப்சி முடிவையும் மறக்காமல் கொண்டு போங்கள், அவற்றை வாசித்த பிறகுதான் மருந்து எழுதுகிறார். கர்ப்பப்பை எடுத்த பின் இரத்தம் பட்டால் கசாயத்தோடு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.