மொட்டைமாடி மார்க் நோட்டு: சில வருஷம் புழங்கிய பிறகு

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியில் சனிக்கிழமை ராத்திரி பழைய படம் போடுவது வழக்கம். புரொஜெக்டர், திரைக்கு ஒரு எட்டு முழ வேட்டி, நாலு மூலையிலும் கொசுவத்தி. படம் முடிந்ததும் அவரவர் நோட்டில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, ஒரு வரி எழுத வேண்டும். வீட்டில் என்ன படம் பார்க்கலாம் என்று யோசிப்பவர்கள் அந்த நோட்டை இரவல் வாங்கிப் போகிறார்கள். நானும் அதை வைத்துத்தான் படம் பார்க்கிறேன். என் அனுபவத்தில் மார்க்கை நம்பிப் போனால் பாதி நேரம் வம்புதான். பக்கத்தில் இருக்கும் ஒரு வரி காப்பாற்றும்.

முதல் சிக்கல் அளவுகோல். ஆனந்த விகடன் படித்து வளர்ந்தவர்கள் கை தாராளமாக நீளாது. 1977இல் ‘16 வயதினிலே’வுக்கே விகடன் கொடுத்தது நூற்றுக்கு 62.5தான். அதனால் முதல் மாடி மாமி ஆறு போட்டால் ‘பிரமாதம்’ என்று அர்த்தம். மூன்றாவது மாடி ஐடி பையன் ஆறு போட்டால் ‘பாதியில் போனை எடுத்துவிட்டேன்’ என்று அர்த்தம். இரண்டையும் கூட்டி சராசரி எடுத்து என்ன பிரயோஜனம்?

இதைவிடப் பெரிய கோளாறு, பலர் மார்க் போடுவது படத்துக்கே இல்லை, பிரதிக்கு. தமிழில் சினிமாஸ்கோப் என்கிற அகலத்திரைப் படம் வந்ததே 1973இல், ‘ராஜராஜ சோழன்’ படத்தில்தான். அதற்கு முந்தைய படங்களின் சட்டம், அதாவது ஃபிரேம், கிட்டத்தட்ட சதுரம். அதை இன்றைய அகலத் திரைக்கு இழுத்தால் கதாநாயகி முகம் பூசணிக்காயாகிவிடும். மேலும் கீழும் வெட்டினால் தலை போய்விடும். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்ல பாலையா கேட்கும் காட்சியை அப்படி வெட்டின பிரதியில் ஒருமுறை போட்டோம். அந்தக் காட்சியில் பாதிச் சிரிப்பு நாகேஷ் எழுப்பும் சத்தத்தில் இருக்கிறது, மீதி பாலையாவின் கண்ணிலும் நெற்றியிலும். நெற்றியே இல்லை! நாலு, ஐந்து என்று மார்க் விழுந்தது. பிறகு நல்ல பிரதி கிடைத்து முழுச் சட்டத்தில் போட்டபோது அதே ஆட்கள் எட்டுக்குப் போனார்கள். (அதில் இரண்டு மார்க் படத்தில் வரும் கூட்டமில்லாத அந்தக் கால மெரினாவுக்கு. கறாராகப் பார்த்தால் அதைக் கழிக்க வேண்டும்.)

டிவியில் காமெடித் துணுக்கை மட்டும் பார்த்துவிட்டு மார்க் போடுகிறவர்கள் தனி ரகம். ‘திருவிளையாடல்’ என்றால் அவர்களுக்குத் தருமி மட்டும்தான்.

நோட்டில் எனக்குப் பிடித்த பக்கம் ‘அந்த நாள்’. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாட்களில் நடக்கிற கொலைக் கதை. வந்த புதிதில் சரியாக ஓடவில்லை. ஏன் என்று எங்கள் தரைத்தள அண்ணன் எழுதினதைப் படித்தால் புரியும். சிவாஜி படம் எதற்கும் ஒன்பதுக்குக் குறையாமல் போடுகிறவர், இதற்கு மூன்று போட்டு, “எடுத்த எடுப்பிலேயே தலைவரைச் சுட்டுட்டா அப்புறம் எதுக்குய்யா உட்காரணும்?” என்று எழுதியிருக்கிறார். அவருக்குக் கீழேயே கல்லூரிப் பெண் ஒருத்தி ஒன்பது போட்டு, “ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் வேற ஆளைச் சந்தேகப்பட்டேன்” என்று எழுதியிருக்கிறாள். சராசரி ஆறு. ஆறு என்று மட்டும் பார்த்திருந்தால் நான் அந்தப் படத்தைத் தொட்டிருக்க மாட்டேன். இரண்டு வரியையும் படித்த பிறகு விடமுடியுமா?

அடுத்தது, மார்க் ஏறும். ‘அன்பே சிவம்’ 2003இல் தியேட்டரில் தோற்ற படம். நோட்டில் அதைத் திரும்பப் பார்த்தவர்கள் ஒருவர்கூட மார்க்கைக் குறைக்கவில்லை. அதனால் பழைய மார்க்கை அடிக்க விடுவதில்லை, கீழே புதிதாக எழுதச் சொல்கிறோம்.

நோட்டு வைக்க நினைப்பவர்கள் மூன்று கட்டம் கூடுதலாக வரைந்துகொள்ளுங்கள்: எந்தப் பிரதி, முதல்முறையா மறுமுறையா, எத்தனை மணிக்குத் தூங்கினார். கடைசிக் கட்டம் விளையாட்டுக்கு இல்லை. மூன்று மணி நேரப் படத்துக்கு இடைவேளையிலேயே குறட்டை விட்டவர் காலையில் வந்து ‘கிளைமாக்ஸ் இழுவை’ என்று எழுதியிருக்கிறார், மார்க் நாலரை.