பழைய ஆம்ப்ளிஃபையர், டேப் செட்: வீட்டு ரிப்பேரில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை

திருநெல்வேலிப் பக்கம் பழைய ஆடியோ செட் இல்லாத தெரு குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்த டூ-இன்-ஒன் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் இன்னும் அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிறது. கொடை விழாக்களில் பாடிய மைக் செட் ஆம்ப்ளிஃபையர்கள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. இலங்கை வானொலி கேட்ட வால்வு ரேடியோவை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. இவற்றில் ஒன்று நின்றுபோனால் கடையில் கிடைக்கும் முதல் பதில், “ஐ.சி. போயிட்டு அண்ணாச்சி, பார்ட்ஸ் வராது” என்பதுதான். பெரும்பாலும் ஐ.சி. என்ற அந்தச் சிப் போயிருக்காது. அழுக்கு, இளகிய ரப்பர், விட்டுப்போன ஈயப்பற்று, வற்றிய கன்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கி விடும் பாகம்) இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

சரிசெய்த அன்று எந்தச் செட்டும் பாடும். அக்னி நட்சத்திரம், ஆனி ஆடிக் காற்று, ஐப்பசி அடைமழை மூன்றையும் தாண்டிப் பாடுகிறதா என்பதே கேள்வி. அந்தக் கணக்கில் தேறியவற்றையும் தேறாதவற்றையும் இங்கே சொல்கிறேன்.

பல வருடம் சும்மா கிடந்த செட்டை நேராக பிளக்கில் சொருகக் கூடாது. ஒரு சீரிஸ் போர்டு கட்டிக்கொள்ளுங்கள்: ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பு, அதன் வழியாக பேஸ் (கரண்ட் வரும்) வயர், பிறகு செட். ஆன் செய்ததும் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட்; உடனே அணைத்துவிடலாம், எதுவும் எரியாது. பெரிய மைக் செட் ஆம்ப்ளிஃபையருக்கு 100 வாட் பல்பு வேண்டும். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது. குண்டு பல்பு கிடைப்பது குறைந்துவருவதால் இரண்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டுச் செட்டின் பின்புறம் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் அது 220 அல்லது 240-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜப்பானின் உள்நாட்டுச் செட் என்றால் 100 வோல்ட் மட்டும்தான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

அதிகம் வரும் கோளாறு, வால்யூம் திருப்பும்போது கரகரப்பதும் ஒரு பக்கம் ஸ்பீக்கர் வந்து வந்து போவதும். திசையன்விளை, உவரிப் பக்கத்துச் செட்டைத் திறந்தால் தேரி மண் (அந்தப் பக்கத்துச் செம்மணல்) மாவாகப் படிந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்தில் குளவி மண்கூடு, போர்டு மேல் பல்லி எச்சம் இருக்கும். எச்சம் விழுந்த இடத்தில் செம்புத் தடம் பச்சை பூத்து அறுந்திருக்கும். முதலில் உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் துடைத்து வெளியேற்ற வேண்டும். பலர் எடுத்த எடுப்பில் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். தூசி சேறாகி கன்ட்ரோலுக்குள் இறங்கிவிடுகிறது.

கான்டாக்ட் கிளீனரில் இரண்டு வகை உண்டு. ஒன்று அடித்ததும் ஆவியாகிவிடும், இன்னொன்று மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டுச் செல்லும். கார்பன் தடம் உள்ள வால்யூம், டோன் கன்ட்ரோலுக்கு இரண்டாவதுதான். ஆவியாகும் வகை, கம்பெனி வைத்த கிரீஸையும் கழுவிவிடுவதால் சில மாதத்தில் திருப்பும்போது தேய்ப்பு தெரியும், கரகரப்பும் திரும்பி வரும். கன்ட்ரோலின் கால்களுக்கு மேலே உள்ள இடைவெளியில் ஸ்ட்ராவை வைத்து அரை நொடி அடித்தால் போதும். கோடிக்குக் கோடி முப்பது தடவை திருப்பி, இருபது நிமிடம் காயவிட்டுப் பிறகு கரண்ட் கொடுங்கள். பூட்டுக்கும் நட்டுக்கும் அடிக்கும் பொதுவான துரு நீக்கி ஸ்ப்ரேயை இதில் அடிக்க வேண்டாம். அன்று அருமையாக இருக்கும். அடுத்த ஆடிக் காற்றில் அந்த எண்ணெயில் தூசி ஒட்டி முன்னைவிட மோசமாகும்.

சுத்தம் செய்த மறுவாரமே கரகரப்பு வந்தால் குற்றம் கன்ட்ரோலில் இல்லை. அதற்கு முன்னால், டி.சி.யைத் (நேர் மின்னோட்டத்தை) தடுத்துப் பாட்டை மட்டும் விடும் கப்ளிங் கன்டென்சர் கசிந்து டி.சி. உள்ளே வருகிறது. மல்டிமீட்டரை மில்லிவோல்ட் டி.சி.யில் வைத்து கன்ட்ரோலின் இரு ஓரக் கால்களுக்கு இடையே பாருங்கள்; ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். பத்து, இருபது மில்லிவோல்ட் காட்டினால் அந்தக் கன்டென்சரை மாற்றினால்தான் தீரும். தடமே வழுக்கையாகத் தேய்ந்திருந்தால் எந்த ஸ்ப்ரேயும் உதவாது, புதிது போட வேண்டும். ஜப்பான் வகைக் கன்ட்ரோல்களில் ‘ஏ’ எழுத்து வால்யூமுக்கு உரிய லாக் வகை (முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் கூட்டுவது), ‘பி’ லீனியர் (ஒரே சீராகக் கூட்டுவது). 50கே (50,000 ஓம்ஸ்) ‘ஏ’ இருந்த இடத்தில் ‘பி’ போட்டால், கால் சுற்றிலேயே சத்தம் எகிறிவிடும்.

டேப் செட்டில் ஒரு பக்கம் பாடாமல் ஊளையிட்டால், ரெக்கார்ட்-பிளே மாற்றும் நீண்ட ஸ்லைடு சுவிட்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதில் ஒரு துளி கிளீனர் விட்டு, கரண்ட் இல்லாமல் நாற்பது தடவை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரை இணைத்துப் பிரிக்கும் ரிலேயின் முனைகளுக்கு உப்புத்தாள் வேண்டாம், வெள்ளி முலாம் போய்விடும். விசிட்டிங் கார்டைச் சன்னமாக வெட்டி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு நடுவே வைத்து இழுங்கள். கருப்பு கார்டில் வந்துவிடும்.

அடுத்தது, டேப் செட்டில் மோட்டாரின் சுழற்சியை மற்ற சக்கரங்களுக்குக் கடத்தும் ரப்பர் பெல்ட். நம் வெயிலுக்கு முதலில் போவது இதுதான். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் வைத்த செட்டில் பெல்ட் தார் மாதிரி இளகி புல்லியில் அப்பிக்கொண்டிருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கையில் பட்டால் சோப்புக்குப் போகாது. குச்சியில் சுற்றிய பஞ்சை ஐசோப்ரோபைலில் நனைத்து, புல்லி, ஃபிளைவீல் (கனமான சுழல் சக்கரம்) எல்லாம் பளபளக்கும்வரை துடைக்க வேண்டும். கொஞ்சம் விட்டாலும் புதுப் பெல்ட் வழுக்கும்.

பழைய பெல்ட்டை அளந்து புதிது வாங்குவது தவறு, அது ஏற்கெனவே தளர்ந்தது. பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட 5 முதல் 8 சதவீதம் குறைந்த உள்சுற்றளவு கேளுங்கள். நூல் 240 மி.மீ. காட்டினால் 225 மி.மீ. சுற்றளவுப் பெல்ட் சரியாக இருக்கும். இன்னும் இறுக்கமாகப் போட்டால் மோட்டார் புஷ் தேய்ந்து கிர்ரென்ற சத்தம் வரும். கலவையாக விற்கும் பெல்ட் பாக்கெட்டில் கேப்ஸ்டனுக்கு (டேப்பை நகர்த்தும் சுழல் கம்பிக்கு) ஏற்ற தட்டைப் பெல்ட் அநேகமாக இருக்காது; சதுரப் பெல்ட் போட்டு ஒப்பேற்றினால் பாட்டு அலையும். ரப்பர் பேண்டு ஒரு கேசட்டுக்குக்கூடத் தாங்காது.

டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரை மிதமான சோப்புத் தண்ணீர் தொட்ட பஞ்சால், பஞ்சில் பழுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்கும் கேப்ஸ்டன் கம்பிக்கும் 99 சதவீத ஐசோப்ரோபைல். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

பெல்ட் மாற்றியதும் வேகம் பார்க்க வேண்டும். கேசட்டின் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. 3150 ஹெர்ட்ஸ் டோன் பதிந்த டெஸ்ட் கேசட்டைப் போட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு, போனில் ஃப்ரீக்வென்சி காட்டும் ஆப்பில் பாருங்கள். 3120-க்கும் 3180-க்கும் இடையே இருந்தால் பிழை ஒரு சதவீதத்துக்குள்தான். பல மோட்டார்களின் பின்புறத் துளைக்குள் வேகத்தைத் திருத்தும் ஒரு சின்ன ட்ரிம்மர் இருக்கும். பிளாஸ்டிக் முனை ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை திருப்பினால் போதும். வேகம் சரியாக இருந்தும் பாட்டு மந்தமாகக் கேட்டால் ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங் உள்ள ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஜால்ரா சத்தம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தி, ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துப் பூட்டுங்கள். கம்பெனி கேசட்டை வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்; வீட்டில் பதிந்த கேசட்டை நம்பினால் மற்ற எல்லாமே மந்தமாகிவிடும்.

கன்டென்சர்களை மொத்தமாகப் பிடுங்கி மாற்றும் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. பழைய போர்டில் செம்புத் தடம் சூட்டில் எழும்பிவிடுகிறது. இல்லாத கோளாறெல்லாம் அப்போதுதான் பிறக்கிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் தொடர்ந்தால் பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கன்டென்சரை மாற்றுங்கள். வால்யூமோடு இரைச்சலும் கூடிக் குறைந்தால் அது உள்ளே வரும் வயர் அல்லது எர்த் பிரச்சினை. மாற்றும் முன் பழையதில் தங்கிய சார்ஜை 100 ஓம்ஸ் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் உறுதிசெய்துகொள்ளுங்கள். புதியதன் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் சமம் அல்லது கூட, வெப்ப அளவு 105 டிகிரி. 85 டிகிரி மலிவுதான். ஆனால் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்தத் தொழிலின் கணக்கு, நம் ஊர் கோடையில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 (வெள்ளீயம்/காரீயம்) பற்று ஈயம், ஒரு காலுக்கு மூன்று நொடிக்கு மேல் சூடு வேண்டாம்.

கொடைக்குக் கொடை வேனில் குலுங்கிய ஆம்ப்ளிஃபையரில் ஈயப்பற்று விடுவது சகஜம். ஸ்பீக்கர் சாக்கெட், அவுட்புட் டிரான்சிஸ்டர் கால்கள், டிரான்ஸ்ஃபார்மர் இணைப்புகளில் மெல்லிய வளையக் கீறல் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். 2என்3055 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கழற்றினால், மின்சாரம் கடத்தாத மைக்கா தாளைத் தவறாமல் திரும்பப் போட வேண்டும். டிரான்சிஸ்டரின் உலோக உடம்பே அதன் கலெக்டர் முனை, ஹீட் சிங்க்கில் (சூடு இறக்கும் உலோகத் தகட்டில்) பட்டால் முடிந்தது.

வால்வு ரேடியோவில் யு.சி.எச்.81, யு.எல்.84 போன்ற ‘யு’ வரிசை வால்வு இருந்தால் அதில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம். சேசிஸே (உள் உலோகச் சட்டமே) கரண்டில் இருக்கலாம். டூ-பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் போதும், குமிழ் கழன்ற இரும்புத் தண்டைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். இந்த வகையில் வெளிப்பெட்டியைத் துடைப்பதோடு நின்று, உள்வேலையை வால்வு தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

சரிசெய்ததைச் சும்மா வைத்தால் திரும்பக் கெடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிட்டால் பெல்ட்டில் மடிப்பு விழாது, சுவிட்சும் கறுக்காது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் மாதங்களில் கேசட் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், இல்லாவிட்டால் டேப்பில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்துவிடும். காற்றுத் துளைகளுக்கு உள்பக்கமாகப் பிளாஸ்டிக் கொசுவலை ஒட்டினால் பல்லியும் குளவியும் நுழையாது, சூடும் வெளியேறும். துணி போட்டு மூடுவதாக இருந்தால் செட் முழுதாக ஆறிய பிறகு மூடுங்கள்.